மாறாத மாறியும் திரும்பிப் பாராத மடக்கும்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை எக்ஸ்எஸ்எல்டி பற்றியவை. அதாவது, தகவல்களைக் குறிச்சொற்களுக்குள் இடும் ஓர் எக்ஸ்எம்எல் ஆவணத்தை வேறோர் எக்ஸ்எம்எல் ஆவணமாகவோ வலைப்பக்கமாகவோ வெறும் உரையாகவோ மாற்றித் தரும் ஸ்டைல்ஷீட் மொழி பற்றியவை. மாறி (ஒரு மதிப்புக்கு இடும் பெயர்), மடக்கு (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் கட்டளை) ஆகிய இரண்டைச் சுற்றியே கேள்விகள் அமைந்திருப்பதால் அவற்றுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன். கட்டளைப் பெயர்கள் இப்பகுதியில் ஒலிபெயர்ப்பாக அச்சாகின்றன. நிரலில் அவற்றை மூல வடிவிலேயே எழுத வேண்டும். எடுத்துக்காட்டுகளில் வரும் உறுப்புகளுக்கும் மாறிகளுக்கும் நான் இட்டிருக்கும் தமிழ்ப் பெயர்களை அப்படியே தட்டெழுதலாம். எக்ஸ்எம்எல் பெயர்களில் தமிழ் எழுத்துகளுக்கு முறையான அனுமதி உண்டு.

கேள்வி: ஐயா, வணக்கம். பட்டியல் ஒன்றில் மூன்று வரிகள் உள்ளன. அவற்றின் தொகைகள் 120, 80, 50. ஸ்டைல்ஷீட்டின் மேல்மட்டத்தில் ‘மொத்தம்’ என்ற மாறிக்கு 0 கொடுத்தேன். ஃபார்-ஈச் மடக்குக்குள் மறுபடியும் ‘மொத்தம்’ என்று அறிவித்து, அதன் மதிப்பை $மொத்தம் + தொகை என எழுதினேன். வரிகளின் அருகில் 120, 200, 250 என வர வேண்டும். 120, 80, 50 என்றே வருகிறது. மடக்கு முடிந்த பின் அச்சிட்டால் 0 வருகிறது. பிழைச்செய்தி ஒன்றும் இல்லை. நான் வேறு நிரல்மொழிகளில் பல ஆண்டுகள் பழகியவன் என்பதால் இது எனக்குப் பெரும் குழப்பமாக இருக்கிறது.

பதில்: வேறு மொழிகளில் பழகியவர் என்பதால்தான் குழப்பம். நீங்கள் ஒரே பெயரில் இரண்டு தனித்தனி மாறிகளை உண்டாக்கியிருக்கிறீர்கள். மேல்மட்டத்தில் இருப்பது ஒன்று. மடக்கின் ஒவ்வொரு சுற்றிலும் புதிதாகப் பிறந்து அந்தச் சுற்றோடு மறைவது மற்றொன்று. உள்ளே இருக்கும் மாறியின் மதிப்பைக் கணக்கிடும்போது அந்த மாறி இன்னும் பிறக்கவில்லை. ஆகவே அந்தக் கோவையில், அதாவது மதிப்பைக் கணக்கிடும் வாய்பாட்டில், உள்ள $மொத்தம் மேல்மட்ட மாறியையே குறிக்கிறது, அதன் மதிப்போ 0. முதல் சுற்றில் 0 + 120, இரண்டாவதில் 0 + 80, மூன்றாவதில் 0 + 50 எனக் கணக்கு நடந்திருக்கிறது. வெளியே வந்ததும் உங்கள் கண்ணுக்குத் தெரிவது யாரும் தொடாத பழைய 0.

பிழைச்செய்தி வராததற்கும் காரணம் இருக்கிறது. டெம்ப்ளேட் எனப்படும் வார்ப்புருவுக்குள் இருக்கும் ஒரு மாறி, அதே வார்ப்புருவில் ஏற்கெனவே செல்லுபடியாகும் இன்னொரு மாறியை அதே பெயரால் மறைத்தால் 1.0 பதிப்பில் அது பிழை. மேல்மட்ட மாறியை மறைத்தால் பிழை இல்லை. தொடக்க 0-ஐ நீங்கள் வார்ப்புருவுக்குள் அறிவித்திருந்தால் செயலி, அதாவது ஸ்டைல்ஷீட்டை இயக்கும் மென்பொருள், அப்போதே தடுத்திருக்கும். 2.0 பதிப்பு அந்தத் தடையையும் நீக்கிவிட்டது. புதிதாகக் கற்பவருக்கு அது உதவி என்று எனக்குத் தோன்றவில்லை.

‘மாறி’ என்ற பெயர்தான் நம்மை ஏமாற்றுகிறது. கணக்குப் புத்தகத்தில் ‘அ என்பது 5 என்க’ என்று எழுதினால், அந்தக் கணக்கு முடியும்வரை அ என்பது 5 தான். எக்ஸ்எஸ்எல்டி மாறியும் அப்படிப்பட்டது: ஒரு மதிப்புக்கு இட்ட பெயர், பிறகு அதில் வேறு எதையும் போட முடியாது. இந்தப் பிடிவாதம் மூதாதையரிடமிருந்து வந்தது. 1999 நவம்பர் 16 அன்று, வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையாக வெளிவந்த 1.0 பதிப்பின் பதிப்பாசிரியர் ஜேம்ஸ் கிளார்க், அதற்கு முன்பு டிஎஸ்எஸ்எஸ்எல் என்ற ஆவண வடிவமைப்பு மொழிக்கு ஜேட் என்னும் செயலியை எழுதியவர். 1996-இல் ஐஎஸ்ஓ தரமான டிஎஸ்எஸ்எஸ்எல், ஸ்கீம் என்ற நிரல்மொழியின் பக்கவிளைவற்ற பகுதியின் மேல் கட்டப்பட்டது. எந்தக் கணக்கும் இன்னொரு கணக்கின் மதிப்பை மாற்றாது என்றால், எதை முதலில் செய்வது என்பதைச் செயலியே தீர்மானித்துக்கொள்ளலாம். ஃபார்-ஈச் அந்தச் சுதந்திரத்தைப் பயன்படுத்தும் கட்டளை. லூப் என்று பேச்சில் சொல்கிறோமே ஒழிய, அதன் மூன்று சுற்றுகளும் ஒன்றன்பின் ஒன்றாக நடக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை; விளைவுகள் வரிசையாக அடுக்கப்பட்டால் போதும். முந்தைய சுற்று என்ன செய்தது என்று இரண்டாம் சுற்றுக்குத் தெரியாததும், தெரிந்துகொள்ள வழி இல்லாததும் இதனால்தான்.

இனி தீர்வு. முழுத் தொகை மட்டும் போதுமென்றால் மடக்கே வேண்டாம். சம்(வரி/தொகை) என்று எழுதினால் 250 வரும். ஒரு தொகை உறுப்பு வெறுமையாக இருந்தால் 1.0-இல் விடை ‘நேன்’, அதாவது எண் அல்லாதது, என்று வந்து நிற்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

வரிக்கு வரி வளரும் தொகை வேண்டுமென்றால், மடக்குக்குள் சம்(தொகை | பிரிசீடிங்-சிப்ளிங்::வரி/தொகை) என்று எழுதலாம். தற்போதைய வரியின் தொகையையும் அதற்கு முந்தைய எல்லா உடன்பிறப்பு வரிகளின் தொகைகளையும் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கூட்டச் சொல்கிறோம். 120, 200, 250 வந்துவிடும். நூறு வரிப் பட்டியலுக்கு இது தாராளமாகப் போதும், நானே பல இடங்களில் இப்படித்தான் எழுதியிருக்கிறேன். ஆனால் 1,000 வரிகளுக்கு 5,00,500 மதிப்புகளையும், ஒரு லட்சம் வரிகளுக்கு 500 கோடிக்கும் மேற்பட்ட மதிப்புகளையும் எடுத்துக் கூட்ட வேண்டியிருக்கும். இன்னொரு பொறியும் இதில் உண்டு. மடக்குக்குள் சார்ட் கட்டளை கொடுத்துத் தொகையின் ஏறுவரிசையில் அச்சிட்டால் 50, 130, 250 என்று வர வேண்டும்; வருவதோ 250, 200, 120. பொசிஷன்() வரிசைப்படுத்திய பின்னுள்ள இடத்தைச் சொல்லும். பிரிசீடிங்-சிப்ளிங் மூல ஆவணத்தில் உள்ள இடத்தையே பார்க்கும். இந்த இரண்டையும் ஒன்றெனக் கொண்டு ஒரு முழு மாலையை நான் இழந்திருக்கிறேன்.

பெரிய பட்டியலுக்கு உரிய வழி தற்சுழற்சி, அதாவது ஒரு வார்ப்புரு தன்னையே மீண்டும் அழைப்பது. மடக்கை விட்டுவிட்டு, முதல் வரியை மட்டும் அப்ளை-டெம்ப்ளேட்ஸ் வழியாக அழையுங்கள். வரிக்குரிய வார்ப்புருவில் ‘இதுவரை’ என்ற அளபுருவை (அழைப்பவர் கையளிக்கும் மதிப்பை வாங்கும் பெயரை) 0 என்னும் இயல்பு மதிப்போடு அறிவியுங்கள். உள்ளே ‘புதியது’ என்ற மாறிக்கு $இதுவரை + தொகை என்று மதிப்புக் கொடுத்து அதை அச்சிட்டு, ஃபாலோயிங்-சிப்ளிங்::வரி[1] என்ற அடுத்த வரியை அழைத்து, வித்-பேரம் மூலம் ‘இதுவரை’ அளபுருவுக்கு $புதியது என்பதைக் கையளியுங்கள். முதல் வரி 0-ஐ வாங்கி 120-ஐக் கொடுக்கும். இரண்டாவது 120-ஐ வாங்கி 200-ஐக் கொடுக்கும். மூன்றாவது 250-ஐ அச்சிடும். அடுத்த வரி இல்லாததால் அழைப்பு தானே நின்றுவிடும். எந்த மாறியின் மதிப்பும் மாறவில்லை, ஆனாலும் தொகை வளர்ந்திருக்கிறது. வித்-பேரத்தில் அளபுருவின் பெயரை ஓர் எழுத்துப் பிசகாக எழுதினால், செயலி அதைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிட்டு இயல்பு மதிப்பான 0-ஐ எடுத்துக்கொள்ளும். பழையபடி 120, 80, 50 வரும். அப்படி வந்தால் முதலில் பெயரைச் சரிபாருங்கள்.

இந்த வழிக்கும் எல்லை உண்டு. ஒவ்வொரு வரியும் முந்தைய அழைப்பின் உள்ளே அமர்வதால் ஆழம் கூடிக்கொண்டே போகும். எக்ஸ்எஸ்எல்டிபிராக் என்ற செயலி பயன்படுத்தும் லிப்எக்ஸ்எஸ்எல்டி நூலகத்தில் வார்ப்புரு ஆழத்தின் இயல்பு வரம்பு 3000. மேக்ஸ்டெப்த் விருப்பத்தால் அதை உயர்த்தலாம் என்றாலும் நினைவகத்தின் வரம்பு பின்னாலேயே காத்திருக்கும். 2017 ஜூன் 8 அன்று பரிந்துரையான 3.0 பதிப்பை உங்கள் செயலி ஏற்குமானால் இட்டரேட் கட்டளைக்கு மாறிவிடுங்கள். அது ஃபார்-ஈச் போலவே தோன்றும், ஆனால் கண்டிப்பாக வரிசைப்படி நடக்கும். தொடக்கத்தில் அளபுருக்களை அறிவித்து, சுற்றின் இறுதியில் நெக்ஸ்ட்-இட்டரேஷன் மூலம் அடுத்த சுற்றுக்குப் புதிய மதிப்பை அனுப்பலாம். எல்லாம் முடிந்தபின் ஆன்-கம்ப்ளீஷன் பகுதியில் இறுதித் தொகையை அச்சிடலாம். நீங்கள் முதலில் எழுத நினைத்தது ஏறத்தாழ இதைத்தான்.

கேள்வி: ஒவ்வொரு பொருளுக்கும் விலை, அளவு என்று இரண்டு உறுப்புகள் உள்ளன. இரண்டையும் பெருக்கி வரும் தொகைகளின் கூட்டல் வேண்டும். சம்(பொருள்/விலை * பொருள்/அளவு) என்று எழுதினால் பிழை வருகிறது.

பதில்: 1.0-இல் பெருக்கல் குறி இரு பக்கமும் ஒவ்வோர் எண்ணையே எதிர்பார்க்கும். கணுக்களின், அதாவது ஆவண மரத்தில் உள்ள உறுப்பு, பண்பு போன்றவற்றின், தொகுப்பைக் கொடுத்தால் முதல் கணுவை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஆக, முதல் பொருளின் பெருக்கற்பலன் என்ற ஒற்றை எண்தான் சம்() கைக்கு வருகிறது; அதற்கு வேண்டியதோ கணுத்தொகுப்பு, அதனால் பிழை. 2.0 என்றால் சம்(பொருள்/(விலை * அளவு)) என்று அடைப்புக்குறியை இடம் மாற்றுங்கள், வேலை முடிந்தது.

1.0-ஐ விட முடியாதவர்கள் இரண்டு படிகளில் செய்யலாம். முதலில் ‘பலன்கள்’ என்ற மாறிக்குள்ளேயே ஃபார்-ஈச் மடக்கை வைத்து, பொருளுக்கு ஒரு ‘பலன்’ உறுப்பை உண்டாக்குங்கள். பிறகு அந்த மாறிக்குள் புகுந்து பலன்களைக் கூட்டுங்கள். புகுவதில்தான் சிக்கல்: இப்படி உண்டான மரத்துக்குள் பாதை எழுதி நடக்க 1.0 அனுமதிப்பதில்லை. அதனால்தான் ஏறக்குறைய எல்லாச் செயலிகளும் நோட்-செட்() என்ற நீட்டிப்பைத் தருகின்றன; அதன் வழியாகச் சம்(நோட்-செட்($பலன்கள்)/பலன்) என்று எழுதலாம், நீட்டிப்புக்குரிய பெயர்வெளியை ஸ்டைல்ஷீட்டின் தலையில் அறிவிக்க மறக்க வேண்டாம். 2007-இல் வந்த 2.0 இந்தத் தடையை அடியோடு நீக்கியது.

கேள்வி: ‘நிலை’ என்ற மாறியின் செலக்ட் பண்பில் முடிந்தது என்று எழுதினேன். அச்சிட்டால் வெறுமையாக வருகிறது.

பதில்: மேற்கோள் குறி விடுபட்டிருக்கிறது. செலக்ட் பண்பில் இருப்பது எக்ஸ்பாத் கோவை, அதாவது ஆவணத்துக்குள் பாதை காட்டும் மொழியில் எழுதிய கோவை; அங்கே முடிந்தது என்று மட்டும் எழுதினால், ‘முடிந்தது’ என்ற பெயருள்ள பிள்ளை உறுப்பு எங்கே என்று செயலி தேடும், கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்பும். பண்பின் இரட்டை மேற்கோளுக்குள் ஒற்றை மேற்கோளிட்டு 'முடிந்தது' என்று எழுதுங்கள். எக்ஸ்எஸ்எல்டிபிராக்கில் வெளியிலிருந்து அளபுரு கொடுக்கும்போதும் இதே தவறு நேரும்: பேரம் விருப்பம் கோவையையும், ஸ்ட்ரிங்பேரம் விருப்பம் வெறும் எழுத்துத்தொடரான சரத்தையும் எதிர்பார்க்கின்றன. சந்தேகமிருந்தால் இரண்டாவதையே பயன்படுத்துங்கள்.

கேள்வி: தொகை 1000-க்கு மேல் என்றால் ‘சலுகை’ மாறிக்கு 10, இல்லையென்றால் 0 என்று சூஸ் கட்டளைக்குள் இரண்டு கிளைகளிலும் தனித்தனியே அறிவித்தேன். சூஸ் முடிந்த அடுத்த வரியிலேயே அப்படியொரு மாறி இல்லை என்று செயலி சொல்கிறது.

பதில்: மாறி எந்த உறுப்புக்குள் அறிவிக்கப்படுகிறதோ அந்த உறுப்பின் முடிவுக்குறியோடு அதன் ஆயுள் முடிகிறது. வென் கிளைக்குள் பிறந்தது வென் கிளையோடு போயிற்று. உள்ளதை வெளியே திருப்பிப் போடுங்கள்: மாறி வெளியே இருக்கட்டும், சூஸ் அதன் வயிற்றுக்குள் இருக்கட்டும், ஒவ்வொரு கிளையும் தன் மதிப்பை மட்டும் எழுதட்டும். 2.0-இல் செலக்ட் பண்புக்குள்ளேயே இஃப்–தென்–எல்ஸ் கோவை எழுதலாம் என்பதால் நான்கைந்து வரிகள் ஒரே வரியாகும்.

இப்படி வயிற்றுக்குள் மதிப்பெழுதிய மாறியை நிபந்தனையில் வைக்கும்போது மட்டும் எச்சரிக்கை தேவை. மாறிக்குள் ஃபால்ஸ் என்ற சொல்லை எழுதி, இஃப் கட்டளையில் வெறுமனே $மாறி என்று சோதித்தால் விடை எப்போதும் ட்ரூ தான். மாறிக்குள் இருப்பது உண்மை–பொய் மதிப்பன்று. அந்தச் சொல்லைத் தாங்கிய ஒரு சிறிய மரம். மரம் ஒன்று இருக்கிறது என்பதே செயலிக்கு உண்மை. உள்ளிருக்கும் சூஸ் ஒன்றும் எழுதாமல் முடிந்தால்கூட அதுவே விடை. 2.0-இலும் ஆஸ் பண்பில் வகை குறிப்பிடாவிட்டால் இதே கதைதான். மதிப்பைச் செலக்ட் பண்பில் கொடுங்கள், அல்லது $மாறி = 'ட்ரூ' என்று சரமாக ஒப்பிடுங்கள்.

கேள்வி: படிவத்தின் அடியில் 5 வெற்று வரிசைகள் வேண்டும். ஐந்து முறை சுற்றும் மடக்கை எப்படி எழுதுவது? எண்ணிக்கை மாறியை ஒவ்வொன்றாகக் கூட்ட முடியவில்லையே!

பதில்: 2.0-இல் ஃபார்-ஈச் கட்டளையின் செலக்ட் பண்பில் 1 டு 5 என்று எழுதினால் போதும். 1.0-இல் ஃபார்-ஈச் கணுக்களின் மேல் மட்டுமே நடக்கும் என்பதால், ஐந்து முறை சுற்ற ஐந்து கணுக்களைக் காட்ட வேண்டும். எக்ஸ்எம்எல் வல்லுநர் வெண்டெல் பீஸ் பெயரால் வழங்கும் உத்தி இதைத் துணிச்சலாகச் செய்கிறது: ஸ்டைல்ஷீட்டும் ஓர் எக்ஸ்எம்எல் ஆவணம்தானே, அதன் கணுக்களையே டாக்குமெண்ட்('')//நோட்() என்று எடுத்து, பொசிஷன்() 5-க்கு மிகாதவற்றை மட்டும் தேர்ந்து, அவற்றின் உள்ளடக்கத்தைக் கண்டுகொள்ளாமல் சுற்றிவிடுவது. எனக்கு இது பிடிக்கும், ஆனாலும் பிறர் படிக்கப்போகும் நிரலில் தற்சுழற்சியையே எழுதுவேன்.

1 டு 5 எழுதுபவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த மடக்குக்குள் ‘தற்போதைய’ பொருள் ஓர் எண்ணே தவிர, கணு அன்று. அங்கே நின்று பட்டியல்/தலைப்பு என்றோ சாய்கோட்டில் தொடங்கியோ பாதை எழுதினால், எந்த ஆவணத்தில் தேடுவது என்று செயலிக்குத் தெரியாது, பிழை வரும். மடக்குக்கு முன்பே ‘ஆவணம்’ என்ற மாறியில் வேர்க்கணுவைப் பிடித்துவைத்து, உள்ளே $ஆவணம்/பட்டியல்/தலைப்பு என்று எழுதுங்கள்.

கேள்வி: இருப்பு தீர்ந்த முதல் பொருளைக் கண்டதும் மடக்கை நிறுத்த வேண்டும். பிரேக் கட்டளை எங்கே?

பதில்: ஃபார்-ஈச் மடக்கில் இல்லை, 3.0-இன் இட்டரேட்டில் உண்டு. ஆனால் உங்கள் தேவைக்கு மடக்கே மிகை. (//பொருள்[இருப்பு = 0])[1] என்று அந்த ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள்; மீதியைப் பார்க்காமலே நிறுத்திக்கொள்ள நல்ல செயலிகளுக்குத் தெரியும். வெளி அடைப்புக்குறியை விட்டுவிட்டால், ஒவ்வொரு தாய் உறுப்புக்குள்ளும் உள்ள முதல் பொருள் என்று பொருள் மாறி, பல பொருள்கள் வந்துவிடும்.

கேள்வி: நூல்களின் மேல் மடக்கு ஓடுகிறது. நூல், ஆசிரியர் இரண்டிலும் ‘குறி’ என்ற பண்பு உள்ளது. நூலின் ஆசிரியரைத் தேட //ஆசிரியர்[@குறி = @குறி]/பெயர் என்று எழுதினேன். எல்லா நூல்களுக்கும் முதல் ஆசிரியரின் பெயரே அச்சாகிறது.

பதில்: சதுர அடைப்புக்குள் நுழைந்ததும் பார்வை ஆசிரியர் மேல் திரும்பிவிடுகிறது. அங்கே இருக்கும் இரண்டு @குறியும் அந்த ஆசிரியருடையவையே. தன்னைத் தன்னோடு ஒப்பிட்டால் எப்போதும் சமம். ஆகவே எல்லா ஆசிரியர்களும் தேறிவிடுகிறார்கள், 1.0-இன் வேல்யூ-ஆஃப் அவர்களில் முதல்வரை மட்டும் அச்சிடுகிறது. 2.0 என்றால் எல்லாப் பெயர்களும் இடைவெளிவிட்டு வரிசையாக வந்திருக்கும். தவறை விரைவில் கண்டுபிடித்திருப்பீர்கள்.

கரண்ட்() என்ற செயற்கூறு மடக்கின் தற்போதைய கணுவை, அதாவது நூலை, குறிக்கும்; //ஆசிரியர்[@குறி = கரண்ட்()/@குறி] என்று எழுதினால் சரியாகும். நான் பெரும்பாலும் மாறியையே நாடுவேன்: மடக்கின் முதல் வரியில் ‘நூற்குறி’ என்ற மாறிக்கு @குறியைக் கொடுத்துவிட்டு, அடைப்புக்குள் $நூற்குறி என்று எழுதுவது. மடக்குக்குள் மடக்கு வரும்போது கரண்ட்() உள்மடக்கின் கணுவுக்குத் தாவிவிடும். வெளிமடக்கில் பிடித்துவைத்த மாறி அங்கும் நூலையே சுட்டிக்கொண்டிருக்கும். நூல்கள் ஆயிரக்கணக்கில் இருந்தால், ஒவ்வொரு நூலுக்கும் ஆவணம் முழுவதையும் துழாவும் இரட்டைச் சாய்கோட்டைக் கைவிட்டு, மேல்மட்டத்தில் கீ கட்டளையால் ஆசிரியர்களுக்குக் குறி வாரியாக ஓர் அட்டவணை அமைத்து, மடக்குக்குள் கீ('ஆசிரியர்கள்', @குறி) என்று கேளுங்கள். அங்கே சதுர அடைப்பு இல்லாததால் @குறி நூலுடையதாகவே இருக்கும், கரண்ட்() கூடத் தேவைப்படாது.